வேர் தோண்டியவர்களும் எழுதிவைத்தவரும்

லைசியம், ஏதென்ஸ்
கி.மு. 4ஆம் நூற்றாண்டு

அரிஸ்டாட்டிலின் பள்ளி இயங்கிய இடம் இது. இங்கிருந்த மல்யுத்தக் கூடத்தின் அடித்தளம் 1996இல் அகழாய்வில் வெளிப்பட்டது. அரிஸ்டாட்டிலுக்குப் பின் பள்ளியை நடத்தியவர் லெஸ்போஸ் தீவில் பிறந்த அவருடைய மாணவர் தியோஃபிராஸ்டஸ். செடிகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் ஒன்பதாம் பகுதி பிசின்களையும் மருந்து வேர்களையும் பேசுகிறது.

காட்டில் வேர் தோண்டிப் பிழைத்தவர்களும் மருந்து விற்றவர்களும் சொன்னதை அவர் கேட்டு எழுதினார். ஆனால் எல்லாவற்றையும் நம்பிவிடவில்லை. மாண்ட்ரேக் வேரை எடுக்குமுன் வாளால் அதைச் சுற்றி மூன்று வட்டம் போட வேண்டும், மேற்கு நோக்கி நின்றே வெட்ட வேண்டும் என்றார்கள். பியோனியை இரவில்தான் தோண்ட வேண்டும். பகலில் அதன் கனியைப் பறிக்கும்போது மரங்கொத்தி பார்த்துவிட்டால் பறிப்பவரின் கண்ணுக்கு ஆபத்து என்றார்கள். இரண்டும் வீண்பேச்சு என்று தள்ளினார்.

ஹெல்லபோர் விஷயம் வேறு. அதைத் தோண்டும்போது தலை கனக்கும். அதனால் முதலில் பூண்டு தின்று, தண்ணீர் கலக்காத மதுவும் குடித்துவிட்டு, விரைவாக வேலையை முடிப்பார்கள். நச்சுச் செடியிடம் இந்த எச்சரிக்கை நியாயமே என்றார்.

மிளகையும் அவர் மருந்தாகவே குறித்தார். அதன் கிரேக்கப் பெயரான 'பெபெரி', திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லிலிருந்து வந்தது.

மருந்துக்கும் நஞ்சுக்கும் கிரேக்கர்கள் வைத்திருந்தது ஒரே சொல்: 'ஃபார்மகோன்'.