உயிர் காக்கும் ஆக்சிஜன் கடலுக்கு அடியில் எமன்! சங்கு குளிப்போர் உஷார்

வாலிநோக்கம்:

ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுபவரைப் பிழைக்க வைப்பது ஆக்சிஜன். அதே ஆக்சிஜனைக் கடலுக்கு அடியில் தனியாகச் சுவாசித்தால் வலிப்பு வரும். ஆளே போய்விடலாம். கேட்க ஆச்சரியமாக இருந்தாலும் விஞ்ஞானிகள் நிரூபித்த உண்மை இது.

மன்னார் வளைகுடா கடலோரத்தில் சங்கு குளிப்பது பரம்பரைத் தொழில். அந்தக் காலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கினார்கள். பிறகு படகில் கம்ப்ரசர் வைத்து, டியூப் வழியாகக் காற்று வாங்கி மூழ்கும் வழக்கம் வந்தது. ஸ்கூபா வீரர்கள் முதுகில் சிலிண்டர் மாட்டி இறங்குகிறார்கள்.

சிலிண்டரில் என்ன இருக்கு?

இந்த சிலிண்டரை எல்லோரும் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்றே சொல்கிறார்கள். அது தவறு. உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மற்றது பெரும்பாலும் நைட்ரஜன்.

நிஜமான ஆக்சிஜன் சிலிண்டர் ஆஸ்பத்திரியிலும் கேஸ் கட்டிங் பட்டறையிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பல் உடைக்கும் தொழில் நடந்த வாலிநோக்கத்துக்கு அது புதிதல்ல. ‘அதை மாட்டிக்கிட்டு இறங்கினா இன்னும் நல்லா மூச்சு வருமே’ என்று யாராவது நினைத்தால் விபரீதம்தான்.

காரணம், தண்ணீரின் அழுத்தம். 10 மீட்டர், அதாவது சுமார் ஐந்தரை பாகம் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு. சுவாசிக்கும் ஆக்சிஜனின் வீரியமும் அதே அளவு ஏறுகிறது. அளவு மீறினால் மூளை நரம்புகளைத் தாக்குகிறது.

கணக்கு இதுதான்

ஆக்சிஜன் அழுத்தம் 1.4-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஸ்கூபா வீரர்களின் வழக்கம். 1.6 கடைசி எல்லை. சாதாரணக் காற்றில் இந்த எல்லை வர 66 மீட்டர் ஆழம் போக வேண்டும். சுத்த ஆக்சிஜன் என்றால் வெறும் 6 மீட்டர், சுமார் மூன்றேகால் பாகத்திலேயே எல்லை வந்துவிடும்!

காதில் இரைச்சல், குமட்டல், தலைசுற்றல், பார்வை குறுகுவது, உதடு துடிப்பது ஆகியவை அறிகுறிகள். பல நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் நேராக வலிப்பே வரும். கரையில் வலிப்பு வந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். கடலுக்குள் வாயில் உள்ள குழாய் நழுவும். தண்ணீர் குடித்து மூழ்க வேண்டியதுதான்.

தன்னையே சோதித்த விஞ்ஞானி

1878-லேயே பிரான்ஸ் விஞ்ஞானி பால் பெர்ட், அழுத்தமான ஆக்சிஜன் விஷமாகும் என்று எழுதினார். 1939-ல் தீடிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் பலியானார்கள். அதன்பிறகு விஞ்ஞானி ஜே.பி.எஸ்.ஹால்டேன் அழுத்த அறைக்குள் தன் உடம்பிலேயே சோதனை நடத்தினார். ஆக்சிஜனால் வலிப்பு வந்து அவரது முதுகெலும்பே பாதிக்கப்பட்டது. இவர் 1957-ல் இந்தியாவுக்கு வந்து, 1961-ல் இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷ் கடற்படை டாக்டர் கென்னத் டொனால்ட் இன்னொரு உண்மையைக் கண்டுபிடித்தார். ஒரே வீரரை 70 அடி (சுமார் 12 பாகம்) ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் வெவ்வேறு நாட்களில் ஆக்சிஜன் சுவாசிக்க வைத்தார். ஒருநாள் 148 நிமிடம் தாங்கியவர், இன்னொரு நாள் 7 நிமிடத்தில் பாதிக்கப்பட்டார்! ‘நேத்து ஒண்ணும் ஆகலையே’ என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. அடியில் கடுமையாக வேலை செய்தால் ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும் என்றும் தெரிந்தது.

மேலே வந்தால் மருந்து

அதற்காகக் கம்ப்ரசர் காற்று பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. நீண்ட நேரம் அடியில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், நைட்ரஜன் ரத்தத்தில் குமிழியாகி மூட்டுவலி, கை கால் மரத்துப்போதல், பக்கவாதம் வரை கொண்டுவிடும். என்ஜின் புகை டியூபில் ஏறினாலும் உயிருக்கு ஆபத்து.

இப்படிப் பாதிக்கப்பட்டவருக்குப் படகிலும் கரையிலும் கொடுக்க வேண்டிய முதலுதவி எது தெரியுமா? அதே ஆக்சிஜன்தான். மேலே அழுத்தம் இல்லாததால் அங்கே அது மருந்து. ஆளைப் படுக்க வைத்து, 108-க்குச் சொல்லி, எத்தனை பாகம் இறங்கினார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். தனியாக இறங்கவே கூடாது.

ஆக்சிஜன் சிலிண்டர் படகில் இருக்கலாம். முதுகில் ஏறி கடலுக்குள் போகக் கூடாது.