இலைக்கு அடியில் புள்ளியா? பயப்படாதீர்கள்!

"ஏண்டிம்மா, உன் செடி பூரா பூச்சி விழுந்து கெடக்கே, பாக்கலையா?" என்று அடுத்த வீட்டு மாமி சொன்னதும் எனக்குப் பகீரென்றது. ஆசை ஆசையாய் வளர்த்த ஹாலி பெரணி! இலையைத் திருப்பினால், அடிப்பக்கம் முழுதும் கடுகை இறைத்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். சோப்புத் தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்து தேய் தேய் என்று தேய்த்தேன். புள்ளி போகவில்லை, இலைதான் கருகிப் போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அது பூச்சியே இல்லை என்று!

பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் தூள்தான் அதன் வம்ச விருத்திக்கு வழி. முற்றிய இலையின் அடிப்பக்கத்தில் மட்டும், பரவலாக, ஒரே அளவில் இருந்தால் கவலையே வேண்டாம். தண்டிலும் நரம்பிலும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் பிசுபிசுத்தால் அது செதில் பூச்சி. அதற்கும் மண்ணெண்ணெய் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தாலே போதும். பெரணி இலை மருந்து எதையும் லேசில் தாங்காது.

இதன் பிறந்த வீடு ஜப்பான், கொரியா, சீனா, தைவான் பக்கம். கடலோரப் பாறை இடுக்குகளில் தானாக முளைக்கும். ஜப்பானியர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஓனி யாபு சோதெட்சு'. 'ஓனி' என்றால் அரக்கன்! பார்த்தால் அப்படித் தெரியாது. தடித்த, பளபளப்பான கரும்பச்சை இலை, இரண்டடி உயரம், அவ்வளவுதான். இலை தடிப்பாக இருப்பதால் மற்றப் பெரணிகளைவிட வறண்ட காற்றைத் தாங்கும்.

பாறையில் வளர்வதாயிற்றே, வேரில் தண்ணீர் தேங்கினால் பிடிக்காது. மக்கிய இலை உரம், தோட்டத்து மண், மணல் மூன்றையும் கலந்து, அடியில் ஓட்டுச் சில்லு போட்டு நடுங்கள். புது இலை சுருண்டு கிளம்பும் குருத்தை மட்டும் மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். தண்ணீரையும் குருத்தில் கொட்டாமல் ஓரமாக ஊற்றுங்கள். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும். காலை இளவெயில் பரவாயில்லை, உச்சிவெயில் கூடாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் சிரமமில்லை. சமவெளியில் இருப்பவர்கள் கத்திரி வெயில் முடியும்வரை தொட்டியை நல்ல நிழலில், ஈரமணல் பரப்பிய தட்டின்மேல் வையுங்கள்.

இன்னொரு செடி வேண்டுமா? புள்ளிகள் நன்றாகப் பழுத்த இலையொன்றை வெள்ளைக் காகிதத்தில் மடித்து வைத்தால் சில நாளில் தூள் உதிரும். வெந்நீர் ஊற்றி ஆறவைத்த மண்ணில் அதைத் தூவி, கண்ணாடித் துண்டால் மூடி, நிழலில் வையுங்கள். சில வாரங்களில் பாசி படிந்தாற்போல் பச்சையாகப் படரும். குட்டி இலை தலைகாட்ட மாதக் கணக்காகும். அதற்குள் பாசி என்று நினைத்துச் சுரண்டிப் போட்டுவிடாதீர்கள்! நான் அதையும் ஒரு தடவை செய்திருக்கிறேன்.