எட்டாத கயிலையும் எதிர்வந்த கயிலையும்

தேரிமணலும் பனைமரங்களும் சூழ்ந்தது சாத்தான்குளம் வட்டாரம். கடற்கரைக்கு அணித்தான இம்மண்ணிலிருந்து திருக்கயிலை யாத்திரை புறப்படும் அடியார், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் விளங்கும் மானசரோவரம் வரை செல்ல வேண்டும். பிரம்மதேவர் தம் மனத்தால் படைத்த பொய்கை ஆதலின் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். அதன் சுற்றளவு சுமார் 88 கிலோமீட்டர். வடதிசையில் 6,638 மீட்டர் உயர்ந்து நிற்கிறது கயிலை. அதன் சிகரத்தில் ஏறுவது வழக்கமில்லை. மலையை வலம் வருவதே வழிபாடு.

அவ்வலம் சுமார் 52 கிலோமீட்டர். வழியில் டோல்மா கணவாயை 5,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் கடக்க வேண்டும். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் பாதியளவே. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் மிகுந்தால் தாமதமின்றிக் கீழே இறங்குவதே உயிர்காக்கும் வழி. ஆகவே இந்திய அரசு நடத்தும் யாத்திரைக்கு 70 வயது வரம்பு உண்டு. மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். 2020 முதல் தடைப்பட்டிருந்த அந்த யாத்திரை, 2025இல் லிபுலேக், நாதுலா கணவாய்களின் வழியே மீண்டும் தொடங்கியது.

எழுபதைக் கடந்தோரும் இதயநோய் உடையோரும், ‘இப்பிறவியில் நமக்குக் கயிலை இல்லையோ’ என ஏங்குவது இயல்பே. அவ்வேக்கத்திற்குச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விடை வைத்துள்ளார்.

முதிர்ந்த வயதில் திருநாவுக்கரசர் கயிலைக்கு நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார், பின் புரண்டார். அதுவும் இயலாது கிடந்தபோது, சிவபெருமான் முனிவர் வடிவில் எழுந்தருளி, “கயிலை மானிடர் அடைதற்கு அரிது, திரும்பிச் செல்க” என்றார். ஆண்டவனின் கோலம் காணாமல் இந்த அழியும் உடலோடு மீளேன் என்றார் அப்பர். அவ்வுறுதிக்கு இரங்கிய இறைவன் அவர் உடலை நலமுறச் செய்து, அருகிருந்த பொய்கையில் மூழ்கப் பணித்தான். மூழ்கியவர் எழுந்ததோ திருவையாற்றுத் திருக்குளத்தில்! அங்கே, துணையோடு வந்த விலங்குகளும் பறவைகளும் சக்தியும் சிவமுமாகத் தோன்ற, கயிலைக் காட்சி கண்டு இன்புற்றார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இந்நிகழ்ச்சி இன்றும் பெருவிழாவாக நடைபெறுகிறது.

அப்பரின் உறுதியை இறைவன் ஏற்றான். ஆனால் அவர் உடலை மேலும் வருத்தத் திருவுளம் கொள்ளவில்லை. கயிலையையே தமிழ்நாட்டிற்கு வரச் செய்தான்.

சாத்தான்குளத்து முதியோருக்குத் திருவையாறும் தொலைவு என்றால், தாமிரபரணிக் கரையில் நவகயிலாயங்கள் உள்ளன. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரை மலர்கள் ஒதுங்கிய இடங்களே அவை என்பது தலவரலாறு. பாபநாசத்தில் தொடங்கும் அவ்வரிசையில் முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் ஆகிய ஐந்தும் தூத்துக்குடி மாவட்டத்திலேயே அமைந்துள்ளன.

உடல் வலிமையும் மருத்துவர் இசைவும் உடையோர் மானசரோவரம் சென்று வரட்டும். இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. பேரப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு தென்திருப்பேரைக் கயிலாயநாதர் சந்நிதியில் நின்றாலும் போதும். அப்பருக்கு ஐயாற்றில் எதிர்வந்த பெருமான் அங்கும் இருக்கிறான்.