பவளம் வெளுத்தால் விருத்தாசலத்துக்கு என்ன?

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுக்கின்றன என்ற செய்தி, பெரும்பாலும் ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் செய்தியாகவே வந்து போகிறது. கடலைப் பார்க்கக் கடலூருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ பஸ் ஏற வேண்டிய விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு அது அடுத்த வீட்டுச் சங்கதி. அப்படி ஒதுங்கிக்கொள்ள வழியில்லை என்பதே என் வாதம். பவளத்தைக் காக்கும் வேலையில் ஒரு பாதி கடலில் நடக்கிறது, கணிசமாக வெற்றியும் பெற்றிருக்கிறது. மறு பாதி நடக்க வேண்டிய இடம் விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் இடையிலான மண்.

கடலில் நடந்ததை முதலில் பார்ப்போம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளத் திட்டுகள் இருக்கின்றன. 1986-இல் இது தேசியப் பூங்காவானது. ஆனாலும் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோவது நிற்கவில்லை. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்ததற்கு இந்த வெட்டு ஒரு முக்கியக் காரணம். 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. 2005-ஐ ஒட்டி வெட்டு ஓய்ந்தது. அந்த ஆண்டில் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2009-இல் 43-ஐ நெருங்கியது. மனிதன் கையை எடுத்தால் கடல் தானே ஆறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அடுத்த ஆண்டே வெப்பம் வந்தது. பரப்பு 33-க்கு இறங்கியது. மெல்ல ஏறி 39-ஐத் தொட்டபோது 2016-இன் கோடை அதை 23-க்குத் தள்ளியது. வெட்டை நிறுத்திச் சேர்த்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரே கோடையில் போயிற்று. காவலர் படகு கடத்தல்காரனைப் பிடிக்கும். சூடான தண்ணீரை என்ன செய்யும்?

பவள உயிரியின் திசுவுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பகுதி உணவுக்கும் அந்தக் குடித்தனமே ஆதாரம். வழக்கமான உச்சக் கோடை அளவைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பாசியின் ஒளிச்சேர்க்கை குலைகிறது, பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது. வெளுத்தது செத்ததல்ல, பட்டினி கிடக்கிறது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். ‘அப்படியானால் கவலை எதற்கு, மீண்டும் வளரட்டுமே’ என்று கேட்பவர்கள் இடைவெளியைப் பார்க்க வேண்டும். உலகளாவிய வெளுப்பு 1998-இல் வந்தது, 2010-இல் வந்தது, 2014 முதல் 2017 வரை நீடித்தது. நான்காவது 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. கிளைவிட்டு வளரும் பவளம் மீள ஏறக்குறைய பத்தாண்டு வேண்டும். அதற்குள் அடுத்த அடி விழுந்தால் தாக்குப்பிடிப்பவை உருண்டைப் பவளங்கள்தான். கணக்கில் பவளம் இருக்கும். மீன்குஞ்சு ஒளிய இடுக்கு இருக்காது.

நட்டு வளர்க்கலாமே என்பது அடுத்த யோசனை. வான் தீவைச் சுற்றிச் சிமென்ட் திட்டுகள் இறக்கப்பட்டிருக்கின்றன. ஹாங்காங்கில் 2020-இல் சுடுமண் ஓடுகளை முப்பரிமாண அச்சில் வார்த்துக் கடலடியில் பதித்தார்கள். களிமண்ணும் சூளையும் கைப்பழக்கமும் உள்ள விருத்தாசலம் இதைத் தாராளமாகச் செய்யலாம். பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியே அங்கு இருக்கிறது. செய்ய வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் ஓட்டில் நட்ட பவளமும் அதே தண்ணீரில்தான் நிற்கும். 2023 ஜூலையில் புளோரிடாவின் சோம்ப்ரெரோ பவளத்திட்டில், பல ஆண்டுகள் நட்டு வளர்த்த பவளம் முழுவதுமாக மடிந்தது.

இன்னொரு ஆட்சேபம் விருத்தாசலத்துக்கு மிக அருகிலேயே கல்லாகக் கிடக்கிறது. அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளப் படிவமே உண்டு. அந்தக் காலம் இன்றைவிட வெப்பமானது. அப்போது வாழ்ந்த பவளம் இப்போது ஏன் சாக வேண்டும்? பதில் வேகத்தில் இருக்கிறது. நிதானமாக ஏற்றினால் 1,200 டிகிரியைத் தாங்கும் மண், எடுத்த எடுப்பில் தீயை முடுக்கினால் வெடிக்கும் என்பது எந்தச் சூளைக்காரருக்கும் தெரியும். அன்று லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஏறிய வெப்பத்துக்கு உயிர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகின. இன்று அதே மண்ணுக்கடியில் யுகக்கணக்கில் புதைந்த கரியைச் சில பத்தாண்டுகளில் எரித்துவிடுகிறோம். அதனால் கூடும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. புவி 1.5 டிகிரி சூடானால் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரியில் அநேகமாக எல்லாமே போகும் என்று 2018-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு சொன்னது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்நிலையங்கள் அணைந்தால் கடல் குளிர்ந்துவிடுமா என்று கேட்கலாம். குளிராது. இதுவரை சேர்ந்த கரியில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது என்பதும் நியாயமே. நெய்வேலி கொடுத்த வெளிச்சத்தில்தான் இந்த மாநிலம் படித்தது. ஆனால் வெளுப்பு தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வருவதில்லை; கீழக்கரை மீனவர் முழுவதையும் ஏற்கிறார். வேறு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. பவளம் மடிந்த அதே 2016-இல், அதே ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடத் தொடங்கியது. நெய்வேலிப் பக்கமோ 2023-இல் சுரங்கப் பணிக்காக வளையமாதேவியின் நெற்பயிர் மேல் எந்திரம் ஏறியது. ஓடுகிற நிலையங்களை நாளையே மூடச் சொல்லவில்லை. தொழிலாளர்களுக்கு மாற்று வேலையோடு மூடும் ஆண்டை அறிவிக்கலாம். புதிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு இனி அனுமதி தரக் கூடாது. அதைக் கேட்கும் முதல் குரல் மண்டபத்திலிருந்து அல்ல, விருத்தாசலத்திலிருந்து எழ வேண்டும்.