சாக்குக்குள் ஒரு மூச்சு

குறுவைக்கு நாற்று விடப்போகும் வீட்டில், நடுச்சாமத்தில் யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பார். மேலே மூடிய வைக்கோலை விலக்கி, ஈரச் சாக்கின் வாயைத் தளர்த்தி, கையை உள்ளே விடுவார். தூக்கம் கலைந்து வந்து நிற்கும் பிள்ளையிடம், "கைய வச்சுப் பாரு, சுடுதா?" என்பார். சுடும். பக்கத்தில் அடுப்பில்லை, வெயில் போய் வெகுநேரமாகிறது. நெல்லுக்குள்ளிருந்தே கிளம்பும் சூடு அது.

ஒரு நாள் ஊறவைத்து வடித்த விதையை இன்னொரு நாள் இருட்டில் மூட்டம் போடுகிறார்கள். உலர்ந்த நெல்லின் மூச்சு அத்தனை மெலிது. நீர் புகுந்ததும் முளைக்கரு விழிக்கிறது. நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, விதை அதை ஆக்சிஜனோடு எரித்து வளர்கிறது. எரிந்ததில் ஒரு பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. ஒற்றை நெல்லின் சூடு எந்த விரலுக்கும் தெரியாது. ஆனால் ஏக்கருக்கு 24 கிலோ விதை என்றால் பத்து லட்சம் நெல்லுக்கு மேல். அத்தனையும் ஒரே மூட்டைக்குள் மூச்சு விடுகின்றன. சூடு மீறினால் முளை வெந்துபோகும். அதற்காகத்தான் தூக்கத்தை விட்டுக் கிளறுவதும் தண்ணீர் தெளிப்பதும். புளித்த வாடை வந்தால் வீடே பதறும். காற்று எட்டாத விதைகள் சர்க்கரையை எரிசாராயமாக நொதிக்கவைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அந்த வாடைதான் அடையாளம்.

அப்படிப் பிழைப்பதே நெல்லின் தனித் திறமை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கோதுமை விதையால் மாவுச்சத்தை உடைக்கும் நொதியை ஆக்க முடியாது, அது நின்றுவிடும். நெல் நிற்பதில்லை. நீரில் மூழ்கினால் வேரை நிறுத்திவைத்துவிட்டு, குருத்துறையை மட்டும் காற்றைத் தேடி மேலே நீட்டுகிறது. விதைத்த மறுநாள் நாற்றங்காலில் நீரை வடிப்பது இதனால்தான். காற்றுப் பட்டால்தான் வேர் ஊன்றும்.

மேட்டூர் அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் 12இல் திறப்பது வழக்கம். கடைமடைக்கு வந்துசேரப் பல நாளாகும். அதற்குள் ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால், வயலில் உழவு, அண்டை வெட்டு, பரம்பு என்று வீட்டில் யாருக்கும் கை ஓய்வதில்லை. நடவாட்களுக்குச் சொல்லிவைப்பது, சாப்பாடு ஆக்கி வரப்புக்குக் கொண்டுபோவது எல்லாம் இதே நாட்களில். இந்த அவசரத்துக்கும் பயிரே காரணம். குறுவை 110 நாள் பயிர். 18 முதல் 22 நாளுக்குள் நாற்றைப் பறித்து நட வேண்டும். தாமதித்தால் தூர் கட்ட வேண்டிய நாட்கள் நாற்றங்கால் நெரிசலிலேயே கழிந்துவிடும்.

உழுது குழப்பிய சேற்றில் களிமண் துகள்கள் படிந்து அடைத்துக்கொள்ள, நீர் கீழே இறங்குவது குறைகிறது. கூடவே காற்றும் அற்றுப்போகிறது. மிச்சமிருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. பெரும்பாலான களை விதைகள் அங்கே முளைக்கத் திணறும். நெல்லோ இலையிலிருந்து வேர் வரை காற்றுக் குழாய்களை ஓடவிட்டு, மேலிருந்தே மூச்சை இறக்கிக்கொள்கிறது. வேறு சான்று தேவையில்லை, வளர்ந்த பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள்: செம்பழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் பட்டு, சேற்றில் கரைந்திருந்த இரும்பு அங்கேயே துருப்பிடித்திருக்கிறது.

நடவில் சதுர மீட்டருக்கு 50 குத்து என்றால் ஏக்கருக்கு 2 லட்சம். குனிந்த முதுகோடு பெண்கள் 2 லட்சம் முறை விரலைச் சேற்றில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாற்று, 3 சென்டிமீட்டர் ஆழம். ஆழமாகப் புதைத்தால் தூர் கட்டுவது தள்ளிப்போகும். மேலாக வைத்தால் மிதந்துவிடும். அளவுகோல் இல்லாமல் விரல்நுனி அந்த ஆழத்தைப் பிடிப்பதை நான் பெரும் திறமையாகவே மதிக்கிறேன். கூலிக் கணக்கில் அதற்கென்று ஒரு வரிகூடக் கிடையாது.

நட்ட வயல் ஒரு வாரம் வெளிறிக் கிடக்கும். பறித்தபோது அறுந்த வேர்களால் போதுமான நீரை ஏற்ற முடிவதில்லை. அந்த வாரத்தில் விடிகாலையில் வீட்டுப் பெரியவர் வரப்பில் போய் நிற்பார். ஒரு குத்தைப் பிடுங்கி வாய்க்காலில் அலசுவார். பழுத்த பழைய வேர்களுக்கு மேலே, தண்டின் அடியைச் சுற்றி, வெள்ளை வெளேரென்று நாலைந்து புது வேர் நீட்டியிருக்கும். பிள்ளையிடம் காட்டிவிட்டு, அதே குழியில் திரும்ப ஊன்றுவார்.