பழைய விசுப்பலகையும் ஊர்ப் பூங்காவும்

பஞ்சாயத்து அலுவலக முற்றத்திலும் பள்ளிக்கூடத்தின் பின்புறத்திலும் காலொடிந்த விசுப்பலகைகளும், இருக்கை பிய்ந்த இரும்பு நாற்காலிகளும் வெயிலிலும் மழையிலும் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். உட்காருவதற்கு உதவாத இப்பொருள்கள், செடிகளைத் தாங்கி இன்னும் சில ஆண்டுகள் பயன்பட வல்லவை. ஆயினும் செப்பனிடாது வைப்போமாயின், அவை அழகு தருவதற்கு மாறாக நோய்க்கும் விபத்துக்கும் இடமளிக்கும்.

முதற்கண் மரத்தை ஓர் ஆணியால் குத்திப் பார்த்தல் வேண்டும். ஆணி எளிதில் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று அறியலாம். ஒரு கன அடி ஈரமண் சுமார் 50 கிலோ எடையுள்ளது. அதனை உளுத்த பலகைமேல் ஏற்றினால், அருகில் விளையாடும் குழந்தைமேல் சரியக்கூடும். கால்கள் ஆடுமாயின் அவற்றை அகற்றிவிட்டுப் பலகையைச் செங்கல் அடுக்கின்மேல் அமர்த்தலாம். மரம் மண்ணில் படாதிருப்பின் ஈரம் ஏறாது. கரையான் புற்று செங்கல்மீது ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக் களைதல் நலம்.

இருக்கை பிய்ந்த நாற்காலியின் சட்டத்தில், அகன்ற விளிம்புள்ள மண்தொட்டி பொருந்தி நிற்கும். கயிறு அறுந்த கட்டிலின் சட்டத்தை நிமிர்த்தி, இரு கம்பங்களோடு இறுகப் பிணைத்து, தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால், முல்லையும் சங்குப்பூவும் அதில் படரும்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ, எரிப்பதோ கூடாது. நீர் தெளித்து நனைத்தே அகற்ற வேண்டும். அவ்வேளையில் குழந்தைகளை அருகில் விடலாகாது. இத்தகைய பொருள்களில் பூச்செடிகளை வளர்க்கலாம். கீரையும் காய்கறியும் வேண்டா.

யாவற்றினும் முக்கியமானது தேங்கும் நீர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டியின் கீழ்த்தட்டிலும் நாற்காலிக் குழாயினுள்ளும் தேங்கும் சிறிதளவு நன்னீரிலேயே பெருகும். அதன் முட்டை, கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். நீர் வற்றிய பின்னரும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு அடியில் துளையிட வேண்டும். திறந்த குழாய்களை மணலால் நிரப்பி அடைக்க வேண்டும்.

பஞ்சாயத்துக்குச் சொந்தமான சாமான்கள் மக்கள் பணத்தில் வாங்கப்பட்டவை. அவற்றை எடுக்குமுன் மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, உரிய விதிப்படி இருப்புப் பதிவேட்டில் குறித்தல் உறுப்பினர் கடமையாகும். வாரந்தோறும் நீரைக் கவிழ்த்துக் கழுவும் பொறுப்பு யாருடையது என்பதையும் அத்தீர்மானத்திலேயே முடிவு செய்க.