காரில் காற்று நின்றால்

மோட்டார் காரில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று முறையிடுவோர் பலர். எவ்வகையில் வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கேட்டால் சற்றுத் திகைப்பர். காற்று வருகிறது, ஆனால் குளிர்ச்சி இல்லை என்பது ஒரு குறை. காற்றே வரவில்லை என்பது வேறொரு குறை. நோய்கள் வேறு, மருந்தும் வேறு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இரண்டாவதைப் பற்றி. இது வெறும் சுகத்தைப் பற்றிய பேச்சன்று. மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் மங்கும்போது அதைத் துலக்குவதும் இந்தக் காற்றே. அது நின்றால் ஓட்டுபவருக்குச் சாலை தெரியாது.

மாணவ நண்பர்களே, காரின் குளிர்சாதனத்தில் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. எஞ்சினோடு பெல்ட்டினால் பிணைந்த கம்ப்ரஸர் காஸை அழுத்துகிறது. அழுத்தம் பெற்ற காஸ் வெளியே வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, அங்குள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. இது குளிரை உண்டாக்கும் வேலை. குளிர்ந்த காயிலின் ஊடே காற்றைத் தள்ளுவது மற்றொரு வேலை. அதற்குப் பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் விசிறி ஒன்று தனியே உண்டு. பட்டறைகளில் அதைப் புளோயர் என்பார்கள். அமெரிக்காவில் பாக்கார்டு நிறுவனம் தன் 1940 ஆம் ஆண்டுக் கார்களில் குளிர்சாதனம் அமைத்துக் கொடுத்தபோது, விசிறிக்கு மட்டுமே ஸ்விட்ச் இருந்தது. கம்ப்ரஸரை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

என் நண்பர் ஒருவர், விசிறியின் முதல் மூன்று வேகங்களிலும் காற்று வரவில்லை, நான்காவதில் மட்டும் பலமாக வீசுகிறது என்று ஒரு பட்டறையில் சொன்னார். அவர்கள் காஸ் குறைவு என்று கூறி நிரப்பி அனுப்பினர். பணம் போயிற்று, குறை போகவில்லை. அவர் சொன்ன சொல்லிலேயே விடை இருந்தது. வேகத்தைக் குறைப்பதற்காக, மின்சாரம் செல்லும் வழியில் ரெசிஸ்டர் என்னும் மின்தடைச் சுருள்களை வைத்திருக்கிறார்கள். மிகக் குறைந்த வேகத்தில் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடக்கிறது. மிக அதிக வேகத்திலோ ஒன்றையும் தொடாமல் நேரே மோட்டாரை அடைகிறது. ஆகவே நான்காவது வேகத்தில் காற்று வீசினால் மோட்டார் குற்றமற்றது, கருகியது ரெசிஸ்டர். அதன் விலையும் அதிகமன்று. ஆனால் அது ஏன் கருகிற்று என்றும் பார்க்க வேண்டும். ரெசிஸ்டர் சூடேறும் பொருளாதலால், விசிறிக் காற்றே அதைக் குளிர்விக்கும்படி காற்றின் பாதையில் பொருத்தியிருப்பார்கள். பாதை அடைபட்டாலும், மோட்டார் இறுகி மிகுதியான மின்சாரத்தை இழுத்தாலும், புதிய ரெசிஸ்டரும் பழையதன் வழியே போகும். வெப்பநிலையைத் தானே சீராக்கும் கார்களில் இதற்குப் பதிலாக மின்னணுக் கருவி ஒன்று இருக்கும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

எந்த வேகத்திலும் அசைவே இல்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். உருகியிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே இட வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஓடினால் அது 240 வாட். சிறிய சக்தி அன்று. பெரிய பியூஸை இட்டாலும், செப்புக் கம்பியைச் சுற்றினாலும், அடுத்த முறை உருகுவது டாஷ்போர்டுக்குள் மறைந்தோடும் வயராக இருக்கும். கார்கள் தீப்பற்றும் வழிகளுள் இதுவும் ஒன்று. பியூஸ் நன்றாயிருந்தால், மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கினால் பார்க்கலாம். விளக்கு எரிந்தும் மோட்டார் ஓடாவிட்டால், அதன் கூட்டை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளேயுள்ள கார்பன் தேய்ந்திருக்கிறது. நாள்தோறும் தட்டிக்கொண்டே காலம் தள்ள முடியாது. விளக்கு எரியாவிட்டால் குறை ரிலேயிலோ ஸ்விட்சிலோ வயரிலோ உள்ளது.

சில வேளைகளில் விசிறியின் ஓசை கேட்கும், காற்று மட்டும் வராது. பெரும்பாலும் ஏ.சி. ஃபில்டர் தூசியாலும் சருகாலும் அடைந்திருக்கும். மரத்தடியில் நிற்கும் கார்களில் இது மிகுதி. எலி கூடு கட்டியதையும் கண்டிருக்கிறேன். காற்று முகத்துக்கு வராமல் காலுக்கோ கண்ணாடிக்கோ மட்டும் சென்றால், வழி திருப்பும் தகடு சிக்கியிருக்கிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. புறப்பட்டு அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். கூலிங் காயிலின் மேல் படியும் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து இடுக்குகளை அடைத்துவிடுவதே காரணம். ஏ.சி. பொத்தானை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் சற்று நேரத்தில் கட்டி உருகும், காருக்கடியில் நீர் ஒழுகும், காற்று திரும்பும். உறையுமுன் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய உணர்கருவி பழுதாகியிருக்கலாம். காஸ் குறைந்தாலும் இவ்வாறு நேரும். காற்று நின்றதற்குக் காஸின்மேல் பழி சொல்ல இடமுண்டென்றால் அது இங்கேதான். அப்போதும், நிரப்புவதற்கு முன் கசிவு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பெட்ரோலைப்போலக் காஸ் ஓட ஓடச் செலவாகும் பொருளன்று.